இன்னைக்கு ஏன் ஏறிச்சு?

"வண்டியே இல்லாத மனுஷனுக்குப் பெட்ரோல் பங்க்ல தினமும் என்ன வேலை?"

மேனேஜர் கேட்டதும், கவுன்ட்டரில் பில் போட்டுக்கொண்டிருந்தவள் இன்னும் குனிந்துகொண்டாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதம். அந்த மனுஷன் தினமும் வந்து நிற்பது அவள் ஜன்னலில்தான்.

ஐம்பது வயதிருக்கும். தேய்ந்த செருப்பு, கையில் ஒரு நோட்டு, காதில் செருகிய பேனா. நடந்தே வருவார். பணம் கட்ட நிற்கும் லாரிக்காரர்களுக்குப் பின்னால் பொறுமையாக நிற்பார். முறை வந்ததும் கேட்பார்.

"மேடம், டீசல் இன்னைக்கு முப்பது காசு ஏறியிருக்கே, ஏன்?"

"விலை போர்டுல இருக்கு, பாருங்க."

"விலை தெரியுதுங்க. காரணம்தான் வேணும்."

பங்க்கில் அவருக்கு 'ஏன் சார்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

தெரியாது என்று சொல்ல அவளுக்குக் கூச்சம். மேனேஜரிடம் ஓடினாள்.

"கச்சா எண்ணெய் ஏறிடுச்சும்மா. சொல்லி அனுப்பு."

சொன்னாள். எழுதிக்கொண்டார்.

நாலாவது நாள் அதிலேயே ஒரு கேள்வி. "மேடம், கச்சா எண்ணெய் இறங்கிடுச்சுன்னு செய்தியில சொன்னாங்க. இங்க இன்னும் ஏறியிருக்கே?"

மேனேஜரே வந்தார். "இறங்கினது இப்போங்க. நாங்க விக்கிறது முன்னாடி ஏறினப்போ வாங்கின சரக்கு."

"அப்படின்னா ஏறும்போது மட்டும் ஏன் சார் உடனே ஏறுது? அதுவும் முன்னாடி இறங்கினப்போ வாங்கின சரக்குதானே?"

மேனேஜர் போன் வராமலேயே போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

டேங்கர் டிரைவர் டாலர்தான் காரணம் என்றார். கார்க்காரர் ஒருவர், "எல்லாம் வரிங்க, வரி" என்றார். "தேர்தல் வரட்டும், தானா இறங்கும்" என்றார் இன்னொருவர். அத்தனையும் அந்த நோட்டில் ஏறியது.

அவளுக்குத்தான் தலை சுற்றியது. கச்சா எண்ணெய் ஏறினாலும் விலை ஏறுகிறது, இறங்கினாலும் ஏறுகிறது. எல்லாமே ஏறிக் கிடந்த ஒருநாள் விலை மட்டும் இறங்கித் தொலைத்தது.

"பங்க்லதானே வேலை பார்க்கிற? ஏன் ஏறுதுன்னு உனக்கே தெரியாதா?" என்று புருஷன் சும்மா கேட்டதற்குக்கூட அவளுக்கு அழுகை வந்தது.

இப்போது மேனேஜர் ஜன்னலைத் தட்டிச் சொன்னார். "எதிர் பங்க்காரன் அனுப்பின ஆளா இருக்கும். இல்ல, அளவு சோதிக்கிற ஆபீஸ் ஆளு. இனிமே இந்தப் பக்கமே தலை வைக்காத மாதிரி ஏதாவது சொல்லி அனுப்பு. முடியலைன்னா நாளையிலிருந்து நீயும் வர வேணாம்."

ஒரு மணி நேரத்தில் அவர் வந்தார். "மேடம், இன்னைக்கு ஏன்..."

அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

"கடல்ல காத்து அதிகமாம். கப்பல் ஆடினதுல எண்ணெய் கொஞ்சம் சிந்திடுச்சாம். அதான் ஏறிடுச்சு."

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

அவர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்தார். "எவ்வளவு சிந்திச்சு மேடம்?"

"நாலு... நாலு குடம்."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. நாலு குடத்தையும் எழுதிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு நடந்தார். மேனேஜர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். அவளுக்கு மத்தியானம் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவர் வரவில்லை.

அதற்கடுத்த நாள் காலையில் ஓடி வந்தார். வரிசையை மீறி, மூச்சிரைக்க, லாரிக்காரர்களின் திட்டைக் காதில் வாங்காமல் ஜன்னலில் வந்து நின்றார்.

அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டாள்.

"ஐயா, என்னை மன்னிச்சிடுங்க. அன்னைக்குச் சொன்னது பொய். கப்பலும் ஆடல, குடமும் சிந்தல. விலை ஏன் ஏறுது, ஏன் இறங்குதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"பொய்யின்னு அப்பவே தெரியும் மேடம்." அவர் சிரித்தார். கண் மட்டும் கலங்கியிருந்தது.

"தெரிஞ்சேவா எழுதினீங்க?"

"எங்க அண்ணன் முப்பது வருஷம் லாரி ஓட்டினவர். டீசல் விலையைப் பத்தி யாராவது தப்பாப் பேசினா விடமாட்டார், சட்டையைப் பிடிச்சிடுவார். பக்கவாதம் வந்து படுத்து எட்டு மாசம் ஆச்சு. ஒரு வார்த்தை பேசல. எப்படியாவது பேச வைங்கன்னு டாக்டர் சொன்னார். பேரன் பொறந்ததைச் சொன்னோம், அசையல. அதான் தினம் ஒரு காரணம் கொண்டுபோய் வாசிச்சுக் காட்டினேன். டாலருக்குத் தலையை ஆட்டினார். உங்க மேனேஜர் சொன்னதுக்கு முறைச்சார்."

உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த மேனேஜர் சட்டென்று தலையை இழுத்துக்கொண்டார்.

"முந்தாநாள் நீங்க சொன்ன நாலு குடத்தை, பொய்யாச்சேன்னு தயங்கித் தயங்கி நேத்து ராத்திரிதான் வாசிச்சேன் மேடம். உதடு துடிச்சுது. நல்லா இருக்கிற கையை ஓங்கினார். எட்டு மாசத்துக்கு அப்புறம் முதல் தடவையா வாயைத் திறந்து, 'மடையா'ன்னார்!"