நிறைமதி வீட்டு மூக்குத்திப் பூ

எங்கள் தெருவில் எந்தக் கணவன் எப்போது வீடு திரும்புகிறான் என்று அறிய நான் இப்போதெல்லாம் எட்டிப் பார்ப்பதே இல்லை. வாசலுக்கு வாசல் மூக்குத்திப் பூச்செடி இருக்கிறது. யாருடைய எச்சிலைத் தடவி விதைக்கிறோமோ, அவர் தெருவுக்குள் நுழைந்ததும் அந்தக் குட்டி மஞ்சள் பூக்கள் விரிந்து அவர் பக்கம் திரும்பும். வேறு எவருக்கும் மசியாது. ஒரு பருவத்தில் பட்டுப்போகிற செடிக்கு அவ்வளவு விசுவாசம்.

பக்கத்து வீட்டு நிறைமதியின் கணவர் தணிகைவேல் ஆபரேஷன் முடிந்து வெள்ளிக்கிழமை வந்தார். செடியைத் தாண்டித்தான் உள்ளே போனார். ஒரு மொட்டுகூட அசையவில்லை.

"தண்ணி ஊத்துனியாடி?" என்றேன்.

"ஊத்துனேங்க்கா. மருந்து வாடை ஒத்துக்கல போல."

மனுஷர் பழையபடிதான் சிரித்தார். நான் கொண்டுபோன ரசத்தைப் பழையபடிதான் குறை சொன்னார். நிறைமதி மட்டும் ஹாலில் தனியாகப் படுக்க ஆரம்பித்தாள்.

இன்று காலை அவள் என் வீட்டுக்குள் ஓடி வந்தாள்.

"அக்கா, பூ விரிஞ்சிருச்சு."

"அப்பாடா! இனிமேலாவது கட்டிலுக்குப் போய்ச் சேரு."

"அவரு உள்ள குளிச்சிட்டிருக்காருக்கா. பூவெல்லாம் ரோட்டைப் பாத்துத் திரும்பியிருக்கு."

அவள் வீட்டுக் கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

"மதி, துண்டு எடுத்துட்டு வா" என்றது அவள் வீட்டுக் குளியலறையிலிருந்து தணிகைவேலின் குரல்.

"மதி, கதவைத் திற" என்றது வாசலில் அதே குரல்.

நிறைமதி என் வீட்டுக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.