கேற்றடிக் காவல்

"பாண் ஓட்டோ வந்தால் கேற்றடியிலயே மறிச்சு, பாட்டை நிப்பாட்டச் சொல்லும் கௌசலா. அது மட்டும் உள்ளுக்குக் கேட்டுதோ, என்ர மானம் போச்சு."

கணவன் தயாபரன் இதை மூன்றாம் முறையாகச் சொன்னபோது, கௌசலா குடையை எடுத்துக்கொண்டு வாசல் கேற்றடிக்குப் போனாள். பாட்டுப் போட்டபடி தெருத்தெருவாகப் பாண், பணிஸ் என்று பேக்கரிச் சாமான் விற்கும் ஓட்டோ அது. அவன் நெல் மூட்டை அடுக்கிய அறைக்குள் புகுந்து கதவைச் சாத்தினான். அக்கராயன் கிராமத்தில் அதைவிட நல்ல ஒலிப்பதிவு அறை கிடையாது. எதிரொலியை மூட்டைகள் அப்படியே விழுங்கிவிடும்.

வீடியோ கேம்கள் பற்றி அவன் நடத்தும் பொட்காஸ்டை ஆயிரத்துச் சொச்சம் பேர் கேட்கிறார்கள். கொழும்பில் நடக்கும் கேம் கண்காட்சியை மண்டபத்துக்குள் நின்றே சொல்லப்போவதாக ஒரு மாதமாக அவர்களிடம் பெருமையடித்துவந்தான். பஸ்ஸில் இடமும் பதிந்தாயிற்று. அந்த நேரம் பார்த்து நெல்லு வெட்டும் மெசின்காரர் வந்து, நாளைக்கு உங்கள் முறை, விட்டால் இனிப் பத்து நாள் போகும் என்றார். வானமோ இருட்டிக்கொண்டு நின்றது. கேமா சோறா என்று வந்தால் யார்தான் பஸ் ஏறுவார்கள்?

காலையில் வயல் வெட்டி முடிந்தது. போகவில்லை என்று உள்ளதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் மனிதன் உசாரில், "மண்டபத்துக்குள்ள வந்திட்டன்" என்று முகநூலில் போட்டுத் தொலைத்துவிட்டான். இனிப் பிடிபட்டால், எந்தக் கேமைப் பற்றி அவன் என்ன சொன்னாலும் ஒருவரும் நம்பப்போவதில்லை.

ஆகவே மச்சாளின் கலியாண வீடியோவில் இருந்து, நாதஸ்வரத்தைக் கழித்து, சனத்தின் இரைச்சலை மட்டும் பின்னணிக்கு எடுத்து வைத்திருந்தான். கேள்வி கேட்டுச் செவ்வி எடுக்க அகப்பட்டவர் நிருஷன். யானைகளுக்கு டிமிக்கி கொடுத்து உழவு மெசின் ஓட்டும் கேம் ஒன்றைச் செய்த, முத்தையன்கட்டு வயல் ஊர்க்காரர். கண்காட்சியில் பதினாலாம் கடை அவருடையது. கடைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டுவிடுவாரோ என்று தயாபரன் பயந்தான். சனநெரிசலாக இருக்கிறது, போனிலேயே கதைப்போமா என்று கேட்டுப் பார்த்தான். நிருஷன் மறுபேச்சில்லாமல் ஓம் என்றார். என்ன நல்ல மனிதர்!

இரைச்சலை ஓடவிட்டு, இயர்போனைக் காதில் கொழுவிக்கொண்டு தயாபரன் கேள்விகளைத் தொடங்கினான். அந்தப் பக்கமும் ஒரே சனச் சத்தம். யானையின் தும்பிக்கையை ஒழுங்காக அசைக்கவே ஆறு மாதம் பிடித்தது என்று நிருஷன் சொல்லிக்கொண்டிருந்தபோது, வந்தது அந்தப் பாட்டு. இலங்கையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த, பாண் ஓட்டோவின் அதே பாட்டு. கிட்டக் கிட்ட வந்து, பெரிதாகக் கேட்டது.

கௌசலா மறிக்கவில்லையே என்று தயாபரன் பதறினான். கண்காட்சி மண்டபத்துக்குள் பாண் ஓட்டோ எப்படி வரும்? நிருஷனும் சட்டென்று கதையை நிறுத்தினார். கடைக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள், பிறகு கதைப்போம் என்று அவசரமாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார். ஒரு நிமிடத்தில் அவரிடமிருந்து செய்தி வந்தது: "அண்ணை, கடைசித் துண்டை வெட்டிவிடுங்கோ. பிளீஸ்."

கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்தும், காட்டிக்கொடுக்காமல் மானத்தைக் காப்பாற்றப் பார்க்கிறார். தயாபரனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த வெட்கமெல்லாம் கோபமாகிக் கேற்றடிக்குப் பாய்ந்தது.

"ஒரு பாண் ஓட்டோவை மறிக்க ஏலாதே உமக்கு?"

கௌசலா குடையைச் சுருக்கினாள்.

"எந்தப் பாண் ஓட்டோ? ஒரு மணித்தியாலமா இதில நிக்கிறன். இண்டைக்கு அவன் இந்த றோட்டுப் பக்கமே வரேல்ல."

தயாபரன் கழுத்தில் தொங்கிய இயர்போனைப் பார்த்தான். பாட்டு வந்தது போனுக்குள்ளால், நிருஷனின் பக்கமிருந்து. கேற்றைப் பிடித்துக்கொண்டு வயிறு நோகச் சிரித்தான். அப்பாடா என்றிருந்தது. சிரிப்பு அடங்கியதும் நிருஷனுக்குப் பதில் எழுதினான்:

"வெட்டுறன் தம்பி. உங்கட வயலுக்கும் இண்டைக்குத்தானோ மெசின் வந்தது?"