விழாமல் நடக்கும் வகுப்பு

மாவட்டச் சுகாதார அதிகாரி கெஸ்லர் எங்கள் தேவாலய வாசலில், கண்ணாடியாக உறைந்த பனியின் மேல் மல்லாந்து கிடக்கிறார். முதியவர்கள் விழாமல் நடப்பது எப்படி என்று நடந்து காட்டும்போதுதான் விழுந்தார். போன வாரம் இதே இடத்தில் ஒரு காக்கை வழுக்கி விழுந்து, நொண்டிக்கொண்டே மரம் ஏறியதை நான் பார்த்திருக்கிறேன். அவர் கொண்டுவந்த துண்டுப் பிரசுரங்கள் ஒவ்வொன்றாகக் கோதுமை வயலுக்குப் பறக்கின்றன. மாலை வெயிலில் அவருடைய கணுக்கால் பூசணிக்காய் போல வீங்குகிறது. பத்தடி தள்ளி ஊர் ஆம்புலன்ஸ் நிற்கிறது. அதைச் சம்பளமில்லாமல் ஓட்டும் என் நண்பன் ஆர்வலுக்கு எழுபத்தாறு வயது; சட்டைப்பையில் சாவி, கையில் ஆப்பிள் கேக் தட்டு.

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கய்யா!” என்று கெஸ்லர் கத்துகிறார்.

“எந்த ஆஸ்பத்திரிக்கு சார்? இங்க இருந்தத நீங்கதான கையெழுத்துப் போட்டு மூடினீங்க?” என்கிறாள் அந்தக் கேக்கைச் சுட்டுக் கொண்டுவந்த ஆர்டிஸ். “அடுத்தது தொண்ணூறு மைல். என் புருஷன் நெஞ்சப் புடிச்சுக்கிட்டு அம்பது மைல் வரைக்கும் தாங்குனாரு.”

“தப்புதாம்மா… வலி உயிர் போகுது.”

“கால் வலியில உயிர் போகாது சார். எனக்குத் தெரியும்.”

ஆர்டிஸ் குனிந்து, அவர்மேல் போர்த்தியிருந்த கம்பளியைக் கழுத்துவரை பதமாக இழுத்துவிடுகிறாள். பிறகு நிமிர்ந்து கத்தியை எடுக்கிறாள்.

“ஆர்வல், இன்னொரு துண்டு வைக்கவா?”

ஆர்வல் ஆம்புலன்ஸைப் பார்க்கிறான். கெஸ்லரைப் பார்க்கிறான். தட்டை நீட்டுகிறான்.

“பெருசாவே வெட்டு.”