சத்தியம் செய்யாதவன்

பைபிளின் மேல் கை வைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது.

1886. பென்சில்வேனியாவில் இரண்டு கல்லூரிகளுக்குள் பேஸ்பால். ஆட்டத்தின் கடைசிக் கட்டம். எதிர்க் கல்லூரிக்காரன் ஒருவன் ஓடி வந்து, எட்ட வேண்டிய எல்லையான பேஸில் சறுக்கி விழுந்தான். டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த ஒபதியா கையில் பந்து. வந்தவன் பேஸை எட்டுமுன் அவனைப் பந்தால் தொட்டிருந்தால் அவன் அவுட். இல்லையென்றால் ஒபதியாவின் கல்லூரிக்குத் தோல்வி. புழுதியில் நடுவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

"தொட்டியா தம்பி?"

"தொட்டேங்க" என்றான் ஒபதியா.

"இல்லவே இல்லைங்க, ஆண்டவர்மேல சத்தியம்!" என்றான் ஓடி வந்தவன்.

"ஒபதியா, நீயும் சத்தியம் பண்ணு" என்றார் நடுவர்.

ஒபதியா குவேக்கர் சபைக்காரன். சத்தியம் செய்வது அவர்களுக்குப் பாவம்.

"மாட்டேங்க. தொட்டேன்னா தொட்டேன்தான்."

"பண்ணித் தொலைடா, பரிசுத்தவானே!" என்று அவனுடைய கேப்டன் கத்தினான்.

நடுவர் சத்தியம் செய்தவன் பக்கமே தீர்ப்புச் சொன்னார். "பொய்யன்" என்று சொந்தக் கல்லூரிப் பையன்களே ஒபதியாவைக் குளத்தில் தூக்கிப் போட்டார்கள். விடுதியில் அவன் உட்கார்ந்த மேசையில் யாரும் சாப்பிடவில்லை. அந்த வாரமே படிப்பை விட்டு ஊருக்குப் போனவன், சாகும்வரை பன்றி வளர்த்தான்.

அவன் பந்தால் இடித்த இடம் என் இடுப்பில் ஒரு மாதம் கன்றிப்போயிருந்தது.