நீலச் சட்டை

என் ஓவியங்களில் முகங்கள் கிடையாது. ஊரில் காணாமல் போனவர்களின் சட்டைகள் மட்டும்தான்.

கண்காட்சியில் அண்ணனின் நீலச் சட்டை முன்னால் ஒருவர் வெகுநேரமாக நின்றார்.

“எங்கண்ணனைத் தெரியுமா உங்களுக்கு?”

“காலேஜ்ல ஒரே பெஞ்சும்மா. அவனைப் பிடிச்சிட்டுப் போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி பார்த்ததுதான் கடைசி.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அச்சு அசலா வரைஞ்சிருக்கே தங்கச்சி. ஆனா, ரெண்டாவது பொத்தான் இருக்காதே!”

“நல்ல ஞாபகம் உங்களுக்கு.”

“மறக்குமா?”

என் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டேன். பொத்தான் அதற்குள்தான் இருக்கிறது. அண்ணனை அவர்கள் வண்டியில் ஏற்றியபோது, விடமாட்டேன் என்று அவன் சட்டையைப் பிடித்துத் தொங்கினேன். என் கையோடு பிய்ந்து வந்தது.

அதுவரை அந்தச் சட்டையில் ஒரு பொத்தான்கூடக் குறையவில்லை.