கிணற்று மேஸ்திரி

கண்காட்சிகளில் மரணக்கிணறு நடத்தும் வீரபத்திரன், போர்டில் 'புரொப்ரைட்டர்' என்றுதான் எழுதியிருந்தான். ஆனாலும் எல்லாருக்கும் அவன் மேஸ்திரி.

"பெட்டிக்கடை வச்சாலே முதலாளிங்கறாங்க. நீங்க மட்டும் ஏண்ணே மேஸ்திரி? கொத்தனாரா இருந்தீங்களா?" என்று கேட்டாள், பைக் ஓட்டப் புதிதாகச் சேர்ந்த ரஷீதா.

"கிணறு வெட்டினேன்."

கிணறு வெட்டுகையில் பாறைக்கு வெடி வைக்குமுன் உள்ளே ஆள் இருக்கிறதா என்று குரல் கொடுப்பது மேஸ்திரியின் வேலை. ஒருநாள் குரல் கொடுக்காமலே திரியைப் பற்றவைத்ததை, உள்ளே கூலியாள் ராசய்யன் இருந்ததை, அவன் அவளிடம் சொல்லவில்லை.

ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் அவன் பலகைக் கிணற்றின் விளிம்பில் குனிந்து, "எல்லாரும் மேலே ஏறியாச்சா?" என்பான்.

"ஏறாம அங்க யாரு குடியிருக்கா?" என்று பைக் ஓட்டுபவர்கள் சிரிப்பார்கள்.

அன்றைக்கும் கேட்டான். சுற்றி நின்ற ஜனம் சீட்டியடித்தது. அவன் விசில் ஊதினால் உள்ளே பாய, கீழே வாசலில் ரஷீதா வண்டியை உறுமவிட்டுக் காத்திருந்தாள். கிணற்றின் வெறுந்தரையிலிருந்து பதில் வந்தது.

"இன்னும் ஒரு ஆள் பாக்கி, மேஸ்திரி."

வாய்க்குப் போன விசிலைக் கீழே விட்டான். கூடாரக் கயிற்றை அவிழ்த்து, ஜனம் கத்தக் கத்த உள்ளே இறக்கினான். கயிறு ஆள் கனத்துக்கு விறைத்தது.