புகைக்கு ஒரு புகார்

"தீப்பெட்டி எங்கே?"

லிஃப்ட் மெக்கானிக் இப்படி அதிகாரமாகக் கேட்டதும், பின்பக்க முற்றத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் வீட்டார் ஒன்பது பேரும் நாற்காலியோடு நாலடி பின்னுக்கு நகர்ந்தார்கள்.

காரணம் இருந்தது. போன வாரம் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், எல்லோர் எதிரிலும் ஒரு போடு போட்டார். "எங்க மாப்பிள்ளை வெந்நீர் வச்சாலே அடிப்பிடிச்சிடும்!"

வீடே விழுந்து விழுந்து சிரித்தது. மெக்கானிக்குக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"வர்ற ஞாயித்துக்கிழமை எல்லாரும் வாங்க. கரி அடுப்புல கோழி சுட்டுப் போடறேன். வீட்டுல வேற அடுப்பே பத்தவைக்கக் கூடாது!"

சொல்லிவிட்டார். அப்புறம்தான் அடுப்பே வாங்கினார். ஏழு வீடியோ பார்த்தார். கரியைக் கையால் தொடுவது இன்றைக்குத்தான்.

"சொதப்பினீங்கன்னா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவேன் மாப்பிள்ளை" என்றார் மச்சான். செய்யக்கூடிய ஆள்தான்.

மெக்கானிக் கரியைக் கொட்டினார். மண்ணெண்ணெய் பாட்டிலைத் திறந்தார்.

"யாருங்க அது, மண்ணெண்ணெய் ஊத்தறது?"

மதில் சுவருக்கு மேலே ஒரு தலை. பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து பதினைந்து நாள்கூட ஆகாத பெண்மணி. மெக்கானிக் வயதுதான் இருக்கும்.

"நாத்தம் குடலைப் புரட்டுது! நாலு காகிதத்தைச் சுருட்டி அடியில வச்சுப் பத்தவைக்கக் கூடாதா? பக்கத்துல மனுஷங்க குடியிருக்கோம் இல்ல?"

மெக்கானிக் வாயைத் திறக்குமுன் மனைவி அவர் இடுப்பில் கிள்ளினாள். "புதுசா வந்தவங்க. சண்டை வேணாம். சொன்னபடி செஞ்சுட்டுப் போங்களேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு காகிதத்தைச் சுருட்டினார். கரி பற்றிக்கொண்டது. தீ ஆளுயரத்துக்கு எழும்பியது. மெக்கானிக்குக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கோழித்தட்டை எடுத்தார்.

"ஏங்க! ஏங்க!" மறுபடியும் அதே தலை.

"இப்ப என்னம்மா?"

"இவ்வளவு தீயில கோழியைப் போட்டா கொழுப்பு சொட்டி, புகை பூரா என் வீட்டுக்குள்ளதான் வரும். கரி மேல வெள்ளையா சாம்பல் பூக்கற வரைக்கும் ஒண்ணும் வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்!"

"என்ன மாப்பிள்ளை, இந்த மிரட்டு மிரட்டறாங்க, நீங்க பம்முறீங்க?" மச்சான் கண்ணைக் கசக்கிக்கொண்டே சிரித்தார். மாமனாரும் மாமியாரும் இருமிக்கொண்டே சிரித்தார்கள்.

மெக்கானிக் தட்டை வைத்துவிட்டு, அரை மணி நேரம் கரியை முறைத்துக்கொண்டு நின்றார். 'சரியான புகார்ப் பெட்டி. நமக்குன்னு வந்து வாய்ச்சிருக்கு பார்' என்று உள்ளுக்குள் கறுவினார்.

கரி வெளுத்தது. கோழியை அடுக்கப் போனார்.

"என் சுவரெல்லாம் சுடுது!" என்றது மதில் மேல் தலை. "கரி முழுக்க அந்தப் பக்கம் ஒதுக்குங்க. கோழியை இந்தப் பக்கம், கரி இல்லாத இடத்துல வைங்க. மூடி எதுக்கு இருக்கு? மூடுங்க! சும்மா சும்மா திறந்து பார்த்தீங்க, நான் வீட்டு ஓனர்கிட்ட புகார் எழுதிக் குடுத்துடுவேன்!"

கரி ஒரு பக்கம், கோழி ஒரு பக்கம். இது எப்படி வேகும்? மானம் போனது போனதுதான் என்று மெக்கானிக் மூடியைப் போட்டுவிட்டு, பசியில் வாடிய ஒன்பது முகங்களையும் பார்க்கத் திராணியில்லாமல் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். திறந்து பார்க்கக் கை துறுதுறுத்தது. மதிலைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

முக்கால் மணி கழித்துத் திறந்தார்.

தோல் பொன்னிறம். தொட்டால் எலும்பு கழன்றது. உள்ளே சதை பஞ்சாக வெந்து, சாறு வடிந்தது.

மாமனார் மூன்றாவது கோழிக்காலை எடுத்தார். மச்சான் விரலைச் சூப்பியபடி காலித் தட்டை நீட்டினார். பிறகு, "மாப்பிள்ளை... இன்னும் ஒரு துண்டு கிடைக்குமா?" என்றார்.

லிஃப்ட் இல்லாமலே மெக்கானிக் பத்தாவது மாடிக்குப் போய்விட்டார்.

"பாவம், அவங்களுக்கும் குடுத்துட்டு வாங்க. நம்ம புகையில கஷ்டப்பட்டிருக்காங்க" என்று மனைவி ஒரு தட்டை நீட்டினாள். மன்னிப்புக் கேட்பது பாதி, மிதப்பைக் காட்டுவது பாதியாக மெக்கானிக் பக்கத்து வீட்டுக்குப் போனார்.

அந்த அம்மாள் ஒரு வாய் தின்று பார்த்தார். "உப்பு கொஞ்சம் தூக்கல். மத்தபடி அருமை. எங்க ஹோட்டல்ல புதுசா சேர்றவங்க ஒரு மாசம் ஆனாலும் இந்தப் பதத்துக்கு வர மாட்டாங்க."

"உங்க ஹோட்டலா?"

"பதினாலு வருஷமா கரி அடுப்புதாங்க என் பொழைப்பு. இன்னிக்கு லீவு."

மெக்கானிக் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தார். கொடியில் வெள்ளைத் துணிகள் ஒரு பொட்டுக் கரி இல்லாமல் பளிச்சென்று காய்ந்துகொண்டிருந்தன.

"அப்ப... புகை?"

"காத்து காலையிலேர்ந்து உங்க பக்கமாத்தானே அடிக்குது? இங்க ஒரு துளி வரலை."

"பின்னே ஏங்க அவ்வளவு சண்டை? தொழில் தெரிஞ்சவங்க, இறங்கி வந்து சொல்லிக் குடுத்திருக்கலாமே!"

"உங்க மச்சான் பண்ண கேலியும் நீங்க விட்ட சவாலும்தான் நாலு வீட்டுக்குக் கேட்டுதே" என்று சிரித்தார் அந்த அம்மாள். "நான் வந்து சொல்லிக் குடுத்தா, சமைச்சது நான்னு ஆயிடும். சண்டை போட்டா, சமைச்சது நீங்கதானே?"